ஆயுத பூஜையன்று வந்த செய்முறைத் தேர்வு

எனக்குப் பரீட்சை எழுதப் பிடிக்கும். வெளியில் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் உண்மை. ஒரு ஹாலில் உட்கார வைத்து, கேள்வித்தாளைக் கொடுத்து, பேசாதே என்று சொல்லிவிட்டால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்வேன். கல்லூரியில் மின்மோட்டார் பாடத்துக்கு பேரிங் கழற்றும் புல்லரை அழகாக வரைந்து, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி ஏ கிரேடு வாங்கியிருக்கிறேன். அந்தப் புல்லரை முதன்முதலில் கையில் தூக்கியது டிப்ளோமா முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

வேலை, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில், பழைய மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தரும் ஒரு பட்டறையில். மூன்றே பேர்தான். முதலாளி, அவரை நான் அண்ணே என்பேன், அப்பா வயது என்றாலும். பிறகு தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்த ஒருவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நான் காலேஜ் போனதால் என்னை மேடம் என்று கூப்பிட்டு வெறுப்பேற்றுவார். மூன்றாவது நான். பட்டறை வேலையோடு வெளிவேலையும் உண்டு. யாராவது பம்ப் ஓடவில்லை என்று போன் செய்தால் மழையோ வெயிலோ மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். வீடு காப்பார் என்ற ஊரில் என்பதால் அந்தப் பக்கத்து வேலையெல்லாம் என் தலையில்தான் விழும். இறால் குளத்துப் பம்பைத் திறந்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த வாடை எத்தனை குளியலுக்குப் போகும் என்று.

இதிலிருந்து தப்பிக்கத்தான் சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலைக்கு இன்டர்வியூ போனேன். பராமரிப்புப் பிரிவு, கூரைக்குக் கீழே வேலை, ஷிப்ட் முடிந்தால் வீடு. அம்மாவையும் சேர்த்து மருத்துவச் செலவு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அங்கிருந்த மேனேஜர் என் டிப்ளோமாவை மெனு கார்டு மாதிரி புரட்டிப் பார்த்தார். இதெல்லாம் எழுதிப் பாஸ் பண்ணியது, கையால் என்ன செய்யத் தெரியும் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்றார். கைத்திறன் சிஜில், அதாவது சான்றிதழ், இருக்கிறதா? இல்லை. வருடம் முடிவதற்குள் அதைக் கொண்டுவந்தால் இடம் எனக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. அவ்வளவுதான் பேச்சு.

இந்தச் சிஜிலுக்குப் பரீட்சை கிடையாது, அதுதான் அதன் பெருமையே. வேலை செய்துகொண்டே வாங்கலாம். செய்த வேலைக்கெல்லாம் ஆதாரம் சேர்த்து ஒரு கோப்பு கொடுக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர் ஒருவர் பட்டறைக்கே வந்து, நாம் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்து, தேர்ந்தவர் என்றோ இன்னும் தேரவில்லை என்றோ எழுதுவார். மனப்பாடம் வேண்டாம், பயம் வேண்டாம் என்று விளம்பரத்தில் ஒரு பெண் ஹெல்மெட் போட்டுச் சிரிப்பாள். நானும் நம்பினேன்.

என் வாழ்க்கையில் எந்தப் பரீட்சைக்கும் இவ்வளவு எழுதியதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் என்ன செய்தேன், ஏன் செய்தேன், என்ன பாதுகாப்பு எடுத்தேன் என்று பக்கம் பக்கமாக மலாயில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும். படத்தில் முகமும் தெரிய வேண்டும், கையும் தெரிய வேண்டும், கையில் இருக்கும் சாமானும் தெரிய வேண்டும். நீங்களே சொல்லுங்கள், எந்த மெக்கானிக் வேலை செய்யும்போது கேமராவைப் பார்ப்பான்? நான் பார்த்தேன். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தோளில் கை வைத்த பெண் மாதிரி. படம் எடுத்தது தமிழ்நாட்டுக்காரர். ஒவ்வொரு தடவையும், மேடம் கொஞ்சம் சிரிங்க, மோட்டாரு பயப்படுது என்பார். அண்ணன் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். படிக்காமலே போட்டார். எதற்கு இந்தச் சிஜில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

கோப்பு போய்ச் சேர்ந்து பல வாரம் கழித்து மதிப்பீட்டாளர் மெசேஜ் அனுப்பினார். ஒரு புதன்கிழமையைச் சொல்லி, சரியா என்று கேட்டார். போனில் காலண்டரைத் திறந்து பார்த்தேன். பொது விடுமுறை இல்லை. மலாய் மரியாதையோடு, சரி புவான் என்று அந்த அம்மாவுக்குப் பதில் அனுப்பிவிட்டு அண்ணனிடம் புதன்கிழமை ஆபீசர் வருகிறார் என்றேன். அவர் காயில் கம்பியை வாயில் கவ்விக்கொண்டே ம்ம் என்றார்.

அவருக்குக் கிழமை என்பது ஒரு பொருட்டே இல்லை. அவருடைய நாட்களெல்லாம் அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம். எனக்கோ அரசாங்கம் சிவப்பில் போடாத நாளெல்லாம் வேலை நாள். இரண்டு பேரும் ஒரே நாளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

முந்தின நாள் நான் பட்டறையிலேயே இல்லை. காப்பாரில் ஒரு பம்ப் உயிரை வாங்கிவிட்டது, முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போய்விட்டேன். புதன் காலையில் வண்டியைக் கிளப்பும்போது அம்மா வாசலுக்கு வந்து, வரும்போது பட்டறையிலிருந்து சுண்டல் கொண்டுவா என்றார். எதற்குச் சுண்டல் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. தலைக்குள் முழுக்க இன்சுலேஷன் அளவு ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது பக்கத்தில் ஒரு லோரி வந்து நின்றது. முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நடுவில் மாலை, கண்ணாடியில் விபூதிப் பட்டை, நான்கு விரல் தடிமனுக்குச் சந்தனம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விளக்கு பச்சையானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அப்போதுதான் உறைத்தது.

ஆயுத பூஜை.

பட்டறை வாசலில் கோலம். உள்ளே தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். அந்தத் தரைக்கு அப்படி ஒரு நிறம் இருக்கிறது என்றே எனக்கு அன்றுதான் தெரியும். சாமி படத்துக்கு முன்னால் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பட்டறையில் இருந்த அத்தனை சாமானும் அதன்மேல் வரிசையாக இருந்தன. ஸ்பேனர் எல்லாம் சின்னதிலிருந்து பெரியதுவரை. சுத்தியல். கட்டர். மூன்று கால் புல்லர் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இன்சுலேஷன் பார்க்கும் மீட்டருக்கு நடுத்திரையில் குங்குமப் பொட்டு. சுவரில் கருவிகள் மாட்டும் பலகை காலி, ஒவ்வொரு கருவிக்கும் வரைந்த கோடு மட்டும் இருந்தது.

தமிழ்நாட்டுக்காரர் புதுச்சட்டையில் நின்றார். "எப்படி மேடம் நம்ம அலங்காரம்? ராத்திரி முச்சூடும் தேய்ச்சேன்."

"இன்னிக்கு எனக்குத் தேர்வு," என்றேன்.

அவர் மேசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "போச்சு," என்றார்.

எங்கள் பட்டறையில் வழக்கம் இதுதான். முதல் நாள் இரவு சாமான் மேசைக்குப் போகும், பூஜை நாள் சாயங்காலம் பூசாரி வந்து தீபாராதனை காட்டுவார், மறுநாள் காலையில் திரும்ப ஒரு சூடம் காட்டிவிட்டுத்தான் எடுப்பார்கள். நடுவில் யாரும் தொடுவதில்லை. பரீட்சையாக இருந்தால் ஒரு பேனாவை எங்கேயாவது இரவல் வாங்கி எழுதிவிட்டு வந்துவிடலாம். கையால் செய்து காட்டும் தேர்வுக்கு, கையில் பிடிக்க வேண்டியது எல்லாம் சாமியிடம் இருந்தது.

அண்ணன் வேட்டியில், கையில் வாழை இலையோடு பின்வாசல் வழியாக வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் இலையை வைத்துவிட்டு நிதானமாகக் கையில் ஒட்டியிருந்த விபூதியைத் துடைத்தார்.

"நாளைக்கு வரச் சொல்லு லா."

"நாளைக்கு வர மாட்டாங்கண்ணே. அவங்க கிள்ளான் பக்கம் திரும்ப வர்றது அடுத்த வருசம்தான்."

"அப்ப அடுத்த வருசம் செய்."

"வருசக் கடைசிதான் அங்க கெடு."

"எங்க?"

அதுவரை வாய் திறந்து சொல்லாத ஊர். "சுங்கை வே," என்றேன்.

அவர் சாமி படத்து மாலையைச் சரி செய்தார், அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஆளுக்குப் பக்தி ஒன்றும் இல்லை, நான் போய்விடுவேன் என்பதற்காகச் சாமியைக் குறுக்கே நிறுத்துகிறார் என்று நினைத்தேன். பக்கத்து டயர் கடை சீன அங்கிளிடம் ஸ்பேனர் இரவல் கேட்கலாம் என்றேன். கேள் என்றார். ஆனால் அங்கிளிடம் புல்லர் இருக்காது என்பதும், மீட்டரைப் பொறுத்தவரை எங்கள் பட்டறையின் பரிசோதனை முத்திரை ஒட்டியதைத்தான் உபயோகிக்க வேண்டும் என்பதும் எனக்கே தெரியும். கோப்பில் நானேதான் எழுதியிருந்தேன், படத்தோடு, சிரித்துக்கொண்டு.

மதிப்பீட்டாளர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நடுத்தர வயது மலாய்க்காரப் பெண், தோளில் பெரிய பை, கையில் அட்டையில் செருகிய தாள்கள். கோலத்தைப் பார்த்ததும் மிதிக்காமல் சுற்றிப் போய், செருப்பைக் கழற்றலாமா என்று கேட்டார். பட்டறைக்குள் செருப்பைக் கழற்றினால் பாதுகாப்பில் என்னை ஃபெயிலாக்கிவிடுவாரே என்று எனக்குப் பதைப்பு. உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான பட்டறையை இத்தனை வருடச் சர்வீசில் பார்த்ததே இல்லை என்று மலாயில் சொன்னார். பூஜை மேசையைப் பார்த்து, கருவிகள் துருவின்றி, அளவுவாரியாக, அழகாக இருக்கின்றன என்று சொல்லித் தாளில் ஏதோ டிக் போட்டார். தமிழ்நாட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினார்.

நான் மலாயில் விளக்கினேன். இன்று கருவிகளுக்கு வழிபாடு, நாளைவரை எடுக்கக் கூடாது, அது இன்றைக்குத்தான் என்பதை நான் கவனிக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். கோபம் இல்லை. தள்ளிப்போடலாம், தப்பில்லை, ஆனால் இந்தச் சுற்றில் வேறு நாள் இல்லை என்றார். செய்முறையை வாயால் சொல்கிறேன், வேண்டுமானால் எழுதியே காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். எழுதினால் என்னைவிட நன்றாக யாரும் எழுத முடியாது என்று நிஜமாகவே நம்பினேன். அவர் மாட்டேன் என்கிற மாதிரி தலையாட்டினார். கண்ணால் பார்க்காததற்கு டிக் போட அவருக்கு அனுமதி இல்லை. அரைமணி நேரம் காத்திருப்பதாகச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் அவருக்கு ஒரு தட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல் கொடுத்தார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு மாதமாக எழுதியது, படம் எடுத்தது, ராத்திரி டைப் அடித்தது எல்லாம் உடம்பில் ஒரே நேரத்தில் இறங்கியது. அழுகை எல்லாம் வரவில்லை. தூக்கம் வந்தது.

அண்ணன் பொரி மூட்டையை எட்டிப் பார்த்தார். பெரிய மூட்டை, வாய் கட்டாமல் நிறைந்து இருந்தது.

"பொரி பத்தாது," என்றார்.

"இவ்ளோ இருக்கேண்ணே?" என்றார் தமிழ்நாட்டுக்காரர்.

"பத்தாதுங்கறேன்ல. பிரிக்பீல்ட்ஸ் போய் வாங்கிட்டு வரேன்."

பொரி வாங்க பிரிக்பீல்ட்ஸ். எங்கள் பட்டறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தெரு முழுக்கத் தமிழ்க் கடைகள், நடைபாதையில் பொரி மலையாகக் குவிந்து கிடக்கிறது. இவர் அதைத் தாண்டி, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கோலாலம்பூர்வரை போய், பார்க்கிங் கிடைக்காத அந்தத் தெருவில் பொரி வாங்கி வரப்போகிறாராம். வேட்டியோடு காரில் ஏறினார். கண்ணாடியை இறக்கி, "வர மத்தியானம் ஆவும்," என்றார், என்னைப் பார்க்காமல். கார் போய்விட்டது.

கொஞ்ச நேரம் நாங்கள் இரண்டு பேரும் அந்த மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தமிழ்நாட்டுக்காரர்தான் முதலில் எழுந்தார். கருவிகளைத் தொடவில்லை. குத்துவிளக்கை மட்டும் இரண்டு கையாலும் தூக்கி ஓரமாக வைத்தார், என் சட்டை பட்டுவிடாமல். பிறகு படத்தைப் பார்த்துக் கும்பிட்டு, சத்தமாகச் சொன்னார்: "அம்மா, எடுக்குறது மேடம். நான் வெளக்கத்தான் நவுத்தினேன்."

நான் ஷூவைக் கழற்றிவிட்டு மேசைக்குப் போய், ஒரு கும்பிடு போட்டு, மீட்டரை எடுத்தேன். பிறகு வந்து ஷூவை மாட்டினேன். மதிப்பீட்டாளர் சுண்டல் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

வேலை பெரியது ஒன்றும் இல்லை. ஒரு மூன்று பேஸ் மோட்டாரை மின்கசிவு இருக்கிறதா என்று பரிசோதித்து, திறந்து, பழைய பேரிங்கைக் கழற்றிப் புதியதைப் போட்டு, மூடி, ஓட்டிக் காட்ட வேண்டும். நூறு தடவை செய்திருப்பேன். மீட்டரைப் பிடித்தால் திரையில் எண் தெரியவில்லை, நடுவில் குங்குமம். கட்டைவிரலால் துடைத்தேன், இன்னும் பரவியது. ஏன் துடைக்கிறாய் என்று கேட்டார். படிக்க முடியாத மீட்டரை நம்பக் கூடாது என்றேன். எழுதிக்கொண்டார். ஸ்பேனர் எல்லாம் சந்தன வழுக்கல். ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துத் துடைத்துத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. புல்லர் ஒரு தடவை வழுக்கி என் விரல் முட்டியைப் பதம் பார்த்தது. வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, மூன்று காலையும் சுத்தமாகத் துடைத்து மறுபடி மாட்டித் திருகினேன். பேரிங் மெதுவாக, முனகிக்கொண்டே வெளியே வந்தது. பட்டறை முழுக்கக் கிரீசும் ஊதுபத்தியும் கலந்த வாசனை. செய்துகொண்டே மலாயில் விளக்கிச் சொன்னதில் தொண்டை வறண்டது. மோட்டார் ஓடியது. சத்தம் இல்லாமல் ஓடியது.

முடிந்தது என்று நிமிர்ந்தேன். அவர் பேனாவை மூடவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது என்றார். வேலை முடிந்ததும் கருவிகளைச் சுத்தம் செய்து உரிய இடத்தில் வைப்பது.

சுவரில் காலிப் பலகை, ஒவ்வொரு கருவிக்கும் வரைந்த கோட்டோடு. கோப்பில் கருவிகளின் இடம் என்று நான் படம் போட்டுக் காட்டியிருந்தது அந்தப் பலகையைத்தான். இந்தப் பக்கம் வெள்ளைத் துணி விரித்த மேசை. நான் நடுவில் கையில் ஸ்பேனரோடு நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், உதவி செய்கிற முகம் இல்லை. எந்தப் பரீட்சையிலும் எனக்கு இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

மேசைக்குப் போனேன். தமிழ்நாட்டுக்காரர் ஓடிவந்து, முந்தின இரவு அலங்காரத்தை எடுத்த படத்தைப் போனில் காட்டினார். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் துடைத்து, அதே இடத்தில் வைத்தேன். அவர் பின்னாலேயே வந்து சந்தனமும் குங்குமமும் வைத்தார். புல்லருக்குப் புதுப்பூ. மதிப்பீட்டாளர் எழுந்து வந்து வரிசையைப் பார்த்தார். இன்றைக்கு இவற்றின் இடம் இதுதானே என்று கேட்டார். ஆமாம் புவான் என்றேன். கடைசி டிக் விழுந்தது. தேர்ந்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடமும் வாங்கிக்கொண்டார். போகும்போது சுண்டல் தாப்பாவ் கேட்டார், பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தோம்.

அண்ணன் மத்தியானம் தாண்டி வந்தார். கையில் பொரி இல்லை. அங்கே தீர்ந்துபோச்சு என்றார். மேசைப் பக்கம் போனார். மீட்டரில் பொட்டு கொஞ்சம் தள்ளி இருந்தது. அதைத் துடைத்து நடுவில் வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"எப்ப போற?"

"ரிசல்ட் வரட்டும்ணே."

"அதெல்லாம் வரும் லா." முட்டியில் இருந்த காயத்தைப் பார்த்தார். "மஞ்சள் வெச்சிக்கோ. இன்னிக்கு நெறைய இருக்கு."

சாயங்காலம் பூசாரி வந்தார், தீபாராதனை நடந்தது. எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் இரண்டு மூன்றாகத் தெரிந்தது, அவ்வளவு களைப்பு. அம்மாவுக்குச் சுண்டல் எடுத்துக்கொண்டு போனேன்.

வருடம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது முடிவுக் கடிதம் வந்தது. சுங்கை வேக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, நல்லது, புது ஆட்கள் எல்லோருக்கும் ஒரு சின்ன எழுத்துத் தேர்வு உண்டு, கம்பெனி விதி, என்று ஒரு தாளை நீட்டினார். நான் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து எழுதினேன். எல்லாம் தெரிந்த கேள்விகள். பேரிங் கழற்ற எந்தக் கருவி உபயோகிக்க வேண்டும் என்றுகூட ஒன்று இருந்தது. சொன்ன நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே முடித்துவிட்டேன்.

சூப்பர்வைசர் ஒரு தமிழர், அவசரக்காரர். என் தாளை வாங்கி, படிக்காமலே இழுப்பறையில் போட்டு மூடினார்.

"பேப்பர் எல்லாம் இருக்கட்டும் தங்கச்சி. அந்த மூலையில ஒரு மோட்டார் கெடக்கு பாரு, காலையில இருந்து சத்தம் போடுது. அதத் தொறந்து காட்டு, பாப்போம்."

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

"ஸ்பேனர் எல்லாம் எங்கண்ணே வெச்சிருக்கீங்க?"